எடை குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு சோறும் பழமும்: எதை, எப்போது, எவ்வளவு?

எடை குறைப்புச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவர் வைத்தியசாலையில் இருந்து வீடு திரும்பியதும் இரண்டு விதமான அறிவுரைகள் அவரைத் தேடி வரும். "இனிச் சோற்றைக் கண்ணாலும் பார்க்காதை, பழமும் சீனிதான், எல்லாத்தையும் விடு" என்பது ஒன்று. "சோறு தின்னாமல் உடம்பு என்னத்துக்கு ஆகும், பழச்சாறாவது குடி" என்பது மற்றது. இரண்டுமே அன்பில் சொல்லப்படுபவைதான். ஆனால் இரண்டுமே அந்த நபரைத் திரும்பவும் வைத்தியசாலைக்கு அனுப்பக் கூடியவை.

இந்தச் சத்திரசிகிச்சையை இப்போது புலம்பெயர் நாடுகளில் வாழும் எமது மக்களும் செய்துகொள்கிறார்கள். இலங்கையிலும் கொழும்பு உள்ளிட்ட இடங்களில் இது நடைபெறுகிறது. ஆனால் அங்கு கையில் தரப்படும் உணவுப் பட்டியல்களில் பிட்டும் இடியப்பமும் ஒடியற்கூழும் இருப்பது அரிது. ஓட்ஸும் அப்பிளும் புரொக்கோலியும்தான் இருக்கும். அந்தப் பட்டியலை எமது அடுப்படிக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். சோறும் பழமும் வாழ்நாள் முழுவதற்கும் தடை செய்யப்பட்டவை அல்ல. ஆனால் அவை தட்டில் இருந்த முதல் இடம் இப்போது மூன்றாம் இடமாக மாறுகிறது.

எமக்கு ஏன் இந்தப் பேச்சு?

தென்னாசிய மக்களுக்கு, ஐரோப்பியர்களை விடக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இருதய நோயும் வருகின்றன. அதனால்தான் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம், சத்திரசிகிச்சைக்குப் பரிந்துரைக்க வேண்டிய உடற்திணிவுச் சுட்டெண்ணைத் தென்னாசியப் பின்னணி கொண்டவர்களுக்கு 2.5 அலகு குறைத்துப் பார்க்கச் சொல்கிறது. 2022 இல் வெளியான சர்வதேச வழிகாட்டலும் ஆசிய மக்களுக்கு 27.5 என்ற சுட்டெண்ணில் இருந்தே இந்தச் சிகிச்சையைக் கருத்தில் கொள்ளலாம் என்கிறது.

உடல் பருத்தவர் எல்லோரும் வாயைக் கட்டத் தெரியாதவர்கள் என்ற எண்ணம் எம்மிடையே ஆழமாக இருக்கிறது. அது தவறு. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-45 குளிர்காலத்தில், ஜேர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தின் மேற்குப் பகுதி மக்கள் கடும் பட்டினியில் வாடினார்கள். அந்த வேளையில் தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதளவில் பரிசோதித்தபோது, சீனியைக் கையாளும் ஆற்றல் அவர்களின் உடலில் குறைந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். பட்டினி, இடப்பெயர்வு, நித்திரையின்மை, தீராத மன அழுத்தம் ஆகியன உடலில் நீண்ட காலம் தங்கும். காலை இழந்தவர்கள், முள்ளந்தண்டு காயப்பட்டவர்கள் விரும்பினாலும் ஓடியாடி எடையைக் குறைக்க முடியாது. எனவே இந்தச் சிகிச்சையை நாடியவரைக் குற்றவாளி போலப் பார்க்கத் தேவையில்லை.

வயிற்றில் என்ன மாறுகிறது?

இன்று உலகில் அதிகம் செய்யப்படுவது இரைப்பையின் பெரும் பகுதியை, ஏறத்தாழ 75 முதல் 80 சதவீதத்தை, வெட்டி அகற்றும் முறை. மீதமிருப்பது வாழைப்பழ வடிவில் ஒடுங்கிய ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோன் பெரும்பாலும் வெட்டி அகற்றப்படும் பகுதியில் சுரப்பதால், பல மாதங்களுக்குப் பசியே தெரியாமல் இருக்கலாம்.

இன்னொன்று இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சை. 'பைபாஸ்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இதில் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு முட்டை அளவிலான சிறு பை மட்டும் பயன்பாட்டில் விடப்படும். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லிலீற்றர். அந்தப் பை நேரடியாகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு பொருத்தப்படும். உணவு, முன்சிறுகுடலைத் தொடாமலே கீழே போகிறது. இரும்புச்சத்தும் கல்சியமும் அதிகம் உறிஞ்சப்படும் இடம் அந்த முன்சிறுகுடல்தான். இதனாலேயே இவர்கள் வாழ்நாள் முழுவதும் விற்றமின், இரும்பு, கல்சியம் குளிசைகளை எடுக்க வேண்டும். இரைப்பையை ஒடுக்கியவர்களுக்கும் இந்தக் குளிசைகள் தேவை.

முன்பு இரைப்பை ஒரு களஞ்சியம் போல வேலை செய்தது. உண்டதைப் பிசைந்து, புளிப்பூட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்பியது. இப்போது அந்தக் களஞ்சியம் இல்லை. அரைக் குவளை உணவே நிறைவு தரும் நிலையில், அந்த அரைக் குவளைக்குள் எதை வைக்கிறோம் என்பதே கேள்வி.

சீனி வேகமாக இறங்கினால்

சீனி, சர்க்கரை, பழச்சாறு, சோடா, ஐஸ்கிறீம், பாயாசம் போன்றவை சிறிய இரைப்பையில் நிற்காமல் குடலுக்குள் கொட்டுண்டு போகும். ஆங்கிலத்தில் இதை 'டம்பிங்' என்பார்கள். பைபாஸ் செய்தவர்களிடம் இது அதிகம். இரைப்பையை ஒடுக்கியவர்களுக்கும் வரலாம்.

இது இரண்டு விதமாக வரும். முதலாவது, சாப்பிட்டு அரை மணிநேரத்துக்குள். செறிவான சீனி குடலுக்குள் இறங்கியதும், அதைக் கரைக்க இரத்தத்தில் உள்ள நீர் குடலுக்குள் இழுபடும். வயிறு முறுகும், வயிற்றோட்டம் வரும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், படுத்தால் போதும் என்று இருக்கும்.

இரண்டாவது, சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணிநேரத்துக்குள். சீனி ஒரேயடியாக இரத்தத்தில் ஏறியதைக் கண்டு சதையி அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரக்கும். அதனால் இரத்தத்தில் சீனி விழுந்துவிடும். கை நடுங்கும், பார்வை மங்கும், தலை சுற்றும், சிலர் மயங்கி விழுவார்கள். இது பெரும்பாலும் சிகிச்சை செய்து ஒரு வருடத்துக்குப் பிறகே தலைகாட்டும். "ஒபரேசன் எப்பவோ முடிஞ்சுது, அதுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு" என்று பலர் கவனிக்காமல் விடுவது இதனால்தான்.

போரைக் கண்டவர்கள் இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். நெஞ்சுப் படபடப்பு, வியர்வை, நடுக்கம், காரணமில்லாத பயம் ஆகியவை போரின் மனக்காயம் உள்ளவர்களுக்குப் பழக்கமானவை. எனவே சீனி விழுந்து வரும் நடுக்கத்தையும் "பழைய பயம்தான்" என்று நினைத்து ஒதுங்கிப் படுத்துவிடக் கூடும். வேறுபடுத்த இலகுவான வழி நேரத்தைப் பார்ப்பது. இனிப்பு அல்லது மாச்சத்து உண்டு ஒன்றிரண்டு மணிநேரத்தில் இது திரும்பத் திரும்ப வருகிறதா என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். வீட்டில் சீனி பார்க்கும் கருவி இருந்தால் அந்த நேரத்தில் விரலில் குத்திப் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே, அதாவது லீற்றருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே காட்டினால், அது சீனி விழுந்ததன் அடையாளம். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். சற்றுத் தேறியதும் ஒரு முட்டை, கொஞ்சம் கடலை, தயிர் என்று புரதம் ஏதாவது உண்ண வேண்டும். இனிப்போடு நிறுத்தினால் மீண்டும் சீனி ஏறி மீண்டும் விழும். அடுத்த கிளினிக்குக்கு அந்தக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

முதல் இரண்டு மாதங்கள்

ஒவ்வொரு வைத்தியசாலையும் தனக்கென ஒரு கால அட்டவணை வைத்திருக்கும். உங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் தந்ததே உங்களுக்குரியது. பொதுவான ஒழுங்கு இதுதான்.

முதல் இரண்டு வாரங்கள் நீராகாரம். கொழுப்பு நீக்கிய பால், வடித்த கோழிச் சூப், மீன் சூப், வடித்த பருப்புத் தண்ணீர், வைத்தியசாலையில் பரிந்துரைத்த புரத மா. கஞ்சி குடிக்கலாமா என்று பலர் கேட்பார்கள். வெறும் அரிசிக் கஞ்சியில் புரதம் மிகக் குறைவு. பாலோ வடித்த பயற்றங்கஞ்சியோ அந்தச் சிறிய இடத்துக்கு அதிக பயன் தரும்.

மூன்றாம், நான்காம் வாரங்களில் மசித்த உணவு. கடைந்த பருப்பு, முள் நீக்கி மசித்த மீன், மசித்த முட்டை, தயிர். இந்த நேரத்தில் நன்றாகப் பழுத்த பப்பாப்பழத்தை மசித்து ஒன்றிரண்டு மேசைக்கரண்டி சேர்க்கலாம்.

ஐந்தாம் வாரத்தில் இருந்து எட்டாம் வாரம் வரை மென்மையான உணவு. சொதியில் ஊறிய மீன், அவித்த பூசணி, மென்மையாக அவித்த பயறு, நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தில் பாதி. சோறு, பாண், ரொட்டி ஆகியவை வரிசையில் கடைசியாக வருபவை. அவசரப்பட்டால் நெஞ்சில் அடைத்து வாந்தி வரும்.

தட்டின் ஒழுங்கு

எமது சாப்பாட்டில் சோறுதான் நடுவில் இருக்கும், கறிகள் ஓரத்தில் இருக்கும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு இதைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் புரதம், பிறகு மரக்கறி, இடம் மிஞ்சினால் சோறோ பழமோ.

காரணம் எளியது. எடை வேகமாகக் குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். அதைத் தடுக்க நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. 100 கிராம் மீனில் 20 கிராம் அளவில் இருக்கிறது. 200 மில்லிலீற்றர் பாலில் 6 முதல் 7 கிராம், தடிப்பாகக் கடைந்த பருப்பு அரைக் குவளையில் 8 கிராம் அளவில் கிடைக்கும். இரண்டு முட்டை, 100 கிராம் மீன், இரண்டு குவளை பால், அரைக் குவளை பருப்பு, கொஞ்சம் தயிர் என்று நாள் முழுவதும் பிரித்து உண்டால் 60 ஐ நெருங்கிவிடலாம். சோற்றில் இருந்து தொடங்கினால் மீனைத் தொட முன்னரே வயிறு நிறைந்துவிடும்.

புரதத்தை முன்னால் உண்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. பின்னால் வரும் மாச்சத்து மெதுவாகக் குடலுக்கு இறங்கும். மேலே சொன்ன நடுக்கமும் படபடப்பும் குறையும்.

உண்ணும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. உண்டு அரை மணிநேரம் கழித்தே குடிக்க வேண்டும். ஆனால் நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் குறைந்தது ஒன்றரை லீற்றர் உள்ளே போக வேண்டும். வன்னி வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

சோறு, பாண், பிட்டு, இடியப்பம்

100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாச்சத்து இருக்கிறது. இரண்டு மூன்று மாதங்கள் கழித்து இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி சோற்றில் தொடங்கலாம். குழைய வேகவைத்து, பருப்போ மீன் குழம்போ சேர்த்துப் பிசைந்து, மெதுவாக மென்று உண்ண வேண்டும். உலர்ந்த, பொலபொலத்த சோறு பலருக்கு நெஞ்சில் நிற்கும்.

அரிசியில் புழுங்கலரிசி மேலானது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள விற்றமின் பி1, அதாவது தயமின், அரிசியின் உள்ளே இறங்குகிறது. தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியில் அது தவிட்டோடு போய்விடும். இந்த தயமின் ஏன் முக்கியம் என்பதைக் கீழே பார்ப்போம்.

பாண் வாயில் மென்றதும் மா உருண்டையாகத் திரளும். புதுப் பாணைவிட வாட்டிய பாண் இலகுவாக இறங்கும். ஒரு துண்டுப் பாணில் சுமார் 15 கிராம் மாச்சத்து இருக்கிறது.

பிட்டு உலர்ந்தது, தேங்காய்ப்பூவோடு சேர்ந்தது. முதல் மாதங்களில் இது வேண்டாம். பின்னர் உண்ணும்போது குரக்கன் பிட்டைச் சிறிதளவு எடுத்து மீன் குழம்பில் நன்றாக ஊறவிடுங்கள். பழமும் சீனியும் போட்டுப் பிட்டைக் குழைப்பதை மறந்துவிடுவதே நல்லது. இடியப்பம் ஒன்று போதும், சொதியில் ஊறியிருக்க வேண்டும். தோசை சிறியதாக ஒன்று, அதோடு தடித்த சாம்பார். உழுந்து இருப்பதால் தோசையில் புரதமும் கொஞ்சம் கிடைக்கிறது.

ஒடியற்கூழ் பலர் கேட்கும் உணவு. மீனும் இறாலும் நண்டும் பயற்றங்காயும் சேர்வதால் வெறும் சோற்றைவிட அதில் புரதம் கூட. ஆனால் ஒடியல் மா மாச்சத்துத்தான், உறைப்பும் கூட. ஆறு மாதங்களுக்குப் பிறகு, உறைப்பைக் குறைத்து, மீன் துண்டுகளை முதலில் உண்டு, கூழைச் சிரட்டையில் பாதியளவு குடிக்கலாம். பனங்கிழங்கில் தும்பு அதிகம். தும்பு ஒன்றுசேர்ந்து குடலை அடைக்கும் ஆபத்து பைபாஸ் செய்தவர்களுக்கு உண்டு. தும்பை முற்றாக நீக்க முடியாவிட்டால் அதைத் தவிர்க்கவும்.

வெளியே தெரியாமல் எடையைத் திரும்பக் கொண்டுவருபவை வேறு. விசுக்கோத்து, ரஸ்க், முறுக்கு, மிக்சர், சீவல், ரொபி. இவை வாயிலேயே கரைந்து, சிறிய இரைப்பையில் நிற்காமல் வழுக்கி இறங்கிவிடும். நிறைவு தராது. பின்னேரத் தேநீரோடு நாலு விசுக்கோத்து என்று தொடங்கி, இரண்டாம் ஆண்டில் குறைந்த எடையில் ஒரு பங்கு திரும்பி வந்தவர்கள் பலர். தேநீரில் போடும் சீனியும் கணக்கில் வரும். இரண்டு தேக்கரண்டி போட்டால் 10 கிராம் அளவில் சீனி, நாலு தேநீருக்கு 40 கிராம்.

பழங்கள்

பழம் நல்லது, ஆனால் அளவில்லாமல் உண்ணும் உணவு அல்ல. நடுத்தர அளவிலான ஒரு வாழைப்பழத்தில் சுமார் 27 கிராம் மாச்சத்து இருக்கிறது. 100 கிராம் சோற்றில் உள்ளதும் ஏறத்தாழ அதே அளவுதான். சிறிய கதலிப்பழம் என்றால் அதில் பாதி.

கொய்யாப்பழம் எமது முற்றத்தில் கிடைக்கும் சிறந்த பழங்களில் ஒன்று. நார்ச்சத்து அதிகம். தோடம்பழத்தைவிடப் பல மடங்கு விற்றமின் சி அதில் உண்டு. இரும்புச்சத்துக் குளிசையோடு ஒரு துண்டு கொய்யாப்பழம் உண்டால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். அதே குளிசையைத் தேநீரோடு எடுத்தால் உறிஞ்சுவது குறையும். கொட்டைகளை நீக்கி, தோலைச் சீவி உண்ணுங்கள். கல்சியம் குளிசையை இரும்புக் குளிசையில் இருந்து இரண்டு மணிநேரமாவது தள்ளி எடுங்கள்.

பப்பாப்பழம் மென்மையானது, 100 கிராமில் 11 கிராம் மாச்சத்து. முதலில் தொடங்குவதற்கு ஏற்றது. வத்தகப்பழத்தில் 100 கிராமுக்கு 8 கிராமுக்கும் குறைவு. ஆனால் அது பெரும்பாலும் நீர் என்பதால் சாப்பாட்டோடு சேர்க்காமல் தனியாக உண்ண வேண்டும். ஆனைக்கொய்யாவில் சீனி மிகக் குறைவு, ஆனால் கொழுப்பு அதிகம் என்பதால் கால் பழம் போதும். அதைச் சீனியும் ரின்பாலும் விட்டு அடித்துக் குடிப்பது வேறு கதை.

கறுத்தக்கொழும்பான் காலத்தில் மாம்பழத்தை விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு கன்னத்தின் பாதியை, உணவு உண்டபின், மெதுவாக உண்ணலாம். தும்பு கூடிய நாட்டு மாம்பழத்தைச் சூப்ப வேண்டாம். பலாப்பழத்தில் மாச்சத்துச் செறிவு கூட, ஒரு சுளைக்கு மேல் வேண்டாம். அன்னாசியின் நடுத்தண்டையும் தோடம்பழச் சுளையின் வெள்ளைத் தோலையும் நீக்கி உண்ணுங்கள். இந்த நார்கள் திரண்டு குடலை அடைத்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. பேரீச்சம்பழமும் வற்றலும் சீனி செறிந்தவை, ஒன்று என்றால் ஒன்றுதான்.

பழச்சாற்றைப் பழமாகக் கணக்கெடுக்கக் கூடாது. ஒரு குவளை தோடம்பழச் சாற்றுக்கு மூன்று நான்கு பழங்கள் தேவை. நாலு பழத்தை ஒருவர் மென்று உண்ண மாட்டார், ஆனால் சாறாக இரண்டு நிமிடத்தில் குடித்துவிடுவார். நார் இல்லாத அந்தச் சீனி நேராகக் குடலுக்குள் இறங்கும். போத்தலில் அடைத்து விற்கும் பழச்சாறுகளும் நெக்ரோ போன்ற சோடாக்களும் இதே வகைதான். நோயாளியைப் பார்க்கப் போகும்போது பழச்சாறுப் பெட்டியும் மோல்ற் பானமும் கொண்டுபோகும் எமது வழக்கத்தை இந்த நோயாளிகள் விடயத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு டசின் முட்டை கொண்டுபோனால் பயன்படும்.

வாந்தி நிற்காவிட்டால்

உடலில் தயமின் சேமிப்பு சில வாரங்களுக்கு மட்டுமே போதும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு நாட்கணக்கில் வாந்தி எடுப்பவர், விற்றமின் குளிசைகளையும் விட்டவர் என்றால் அது விரைவில் தீர்ந்துவிடும். கால் விறைத்தல், நடை தள்ளாடுதல், பொருட்கள் இரண்டாகத் தெரிதல், குழப்பமாகப் பேசுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். தாமதித்தால் மூளையில் நிரந்தரப் பாதிப்பு ஏற்படும்.

களைத்துப்போன நோயாளிக்குப் பக்கத்து மருந்தகத்திலோ கிளினிக்கிலோ முதலில் ஏற்றுவது பெரும்பாலும் குளுக்கோஸ் சேலைன்தான். தயமின் வற்றிய உடலுக்குள் குளுக்கோஸ் போனால், அதை எரிக்க எஞ்சியிருக்கும் தயமினும் செலவாகிவிடும். நோய் மோசமாகும். எனவே எந்த வைத்தியரிடம் போனாலும் முதல் வசனமே "எனக்கு எடை குறைப்புச் சத்திரசிகிச்சை செய்தது, வாந்தி இத்தனை நாளாக இருக்கிறது" என்பதாக இருக்க வேண்டும். தயமின் ஊசியை முதலில் போடுவார்கள். இந்த விபரத்தை ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருங்கள்.

விரதமும் விசேடமும்

கந்தசஷ்டிக்கு ஆறு நாட்கள் பாலும் பழமும் மட்டும் உண்பவர்கள் எம்மிடையே பலர். இளநீரும் பழச்சாறுமாகக் கழிப்பவர்களும் உண்டு. சத்திரசிகிச்சை செய்தவருக்கு இது புரதம் குறைந்த, சீனி நிறைந்த ஆறு நாட்கள். முதல் ஆண்டில் உபவாசம் வேண்டாம். பின்னர் இருக்க விரும்பினால், பாலையும் தயிரையும் கூட்டி, பழத்தைக் குறைத்து, வைத்தியரிடம் கேட்டுச் செய்யலாம். மரக்கறி உண்ணும் நாட்களில் பயறு, கடலை, உழுந்து, சோயா, தயிர் ஆகியவை மீனின் இடத்தை எடுக்க வேண்டும். நோன்பு இருக்கும் முஸ்லிம் சகோதரர்களும் நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தை ஒன்றோடு நிறுத்தி, கஞ்சியில் இறைச்சியைக் கூட்டிக்கொள்ளலாம்.

கோயிலில் பஞ்சாமிர்தமும் சர்க்கரைப் பொங்கலும் தந்தால் மறுக்க மனம் வராது. விரல் நுனியில் தொட்டு வாயில் வைத்தாலும் அது பிரசாதம்தான். கலியாணவீட்டில் இலையைச் சோற்றால் நிரப்ப விடாமல், "கறியைப் போடுங்கோ, சோறு பிறகு கேக்கிறன்" என்று சொல்லப் பழகுங்கள்.

பசியைப் பார்த்தவர்களின் தட்டு

எந்த நாட்டின் வைத்தியசாலைப் பட்டியலிலும் எழுதப்படாத ஒரு சிக்கல் எமக்கு உண்டு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் சீனிக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றவர்கள், 2009 இல் கடைசி மாதங்களில் உப்பும் தண்ணீரும் கலந்த கஞ்சியில் உயிர் தப்பியவர்கள் எமது வாசகர்கள். தட்டில் சோற்றை மிச்சம் விடுவது அவர்களுக்குப் பாவம் போலத் தெரியும். வீட்டில் அரிசி மூட்டை குறைந்தால் நெஞ்சு பதறும். அப்படி ஒருவருக்கு மூன்று மேசைக்கரண்டியில் உணவு முடிவதும், உடல் நாளுக்கு நாள் மெலிவதும் பழைய நாட்களை நினைவூட்டலாம். சிலர் அந்தப் பதற்றத்திலேயே வயிறு நிறைந்த பின்னும் உண்டு வாந்தி எடுக்கிறார்கள்.

இதற்குச் சில நடைமுறை வழிகள் உண்டு. சிறிய கிண்ணத்தில் அளந்து பரிமாறுங்கள். மீதியை உண்ணத் தொடங்க முன்னரே மூடி எடுத்து வையுங்கள். அப்போது தட்டில் மிச்சம் என்ற ஒன்றே இருக்காது. அடுத்த வேளைக்கும் உணவு இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்ப்பதே பலருக்கு ஆறுதல் தரும். பதற்றம் தொடர்ந்தால் உளநல வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இது சத்திரசிகிச்சையின் ஒரு பகுதியே.

மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வாங்கலாமா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். தாராளமாக வாங்கலாம். அது வயிறு நிறைக்கக் குடிக்கும் கஞ்சி அல்ல. அரிசியும் உப்பும் தண்ணீருமான அந்தக் கஞ்சியில் சீனி சேர்ப்பதில்லை. ஆற வைத்து நாலு மிடறு மெதுவாகக் குடித்தால் போதும். சிரட்டையை முழுவதும் வெறுமையாக்க வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை.

கட்டாயம் வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சத்திரசிகிச்சைக்குப் பின் சில நாட்களிலேயே மருந்தின் தேவை குறையும். பழைய அளவில் இன்சுலினோ கிளிக்கிளசைட் குளிசையோ தொடர்ந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு விழும். புதிய அளவை எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.

பெண்கள் சத்திரசிகிச்சைக்குப் பின் குறைந்தது 12 முதல் 18 மாதங்களுக்குக் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். பின்னர் கர்ப்பமானால், சீனி கரைத்துக் குடிக்கத் தந்து செய்யும் நீரிழிவுப் பரிசோதனையைப் பைபாஸ் செய்தவர்கள் தவிர்க்க வேண்டும். அந்தச் சீனித் தண்ணீரே டம்பிங்கை வரவழைக்கும். அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டில் விரலில் குத்திச் சீனியைப் பார்க்கும் முறை உண்டு. மருத்துவமாதுவிடம் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லுங்கள்.

செயற்கைக் கால் அணிபவர்கள், எடை குறையக் குறையக் காலின் உறை தளர்வதைக் காண்பார்கள். துணியைச் சுற்றிச் சமாளித்தால் புண் வரும். நிலையத்தில் காட்டி உறையை மாற்றிக்கொள்ளுங்கள். நடக்க முடிந்தால்தான் குறைந்த எடை நிலைக்கும்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கடல் கடந்து தொலைபேசி எடுக்கும் அம்மா முதலில் கேட்பது "சாப்பிட்டியா?" என்பதைத்தான். அதை மாற்றச் சொல்லத் தேவையில்லை. "என்ன மீன் சாப்பிட்டனி, குளிசை போட்டியா, தண்ணி குடிச்சியா?" என்று இன்னும் மூன்று கேள்விகளைக் கூடக் கேட்டால், அந்தப் பிள்ளைக்கு அதுவே பெரிய உதவி.